ஓட்டு இல்லாத தம்பிகள்

2025 நவம்பர் 18-ந் தேதி ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. இரு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை. ஆனாலும் வந்த அணி கொண்டாடியது. குரசாவ் என்ற தீவு உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டது! அந்தத் தீவின் ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம். நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கும் ஜனம்தான். இவ்வளவு சிறிய நாடு உலகக் கோப்பைக்குப் போனது இதற்கு முன் கிடையாது.

குரசாவுக்குத் தனிக் கொடி உண்டு. தனி தேசிய கீதம் உண்டு. பிரதம மந்திரி உண்டு, சட்டசபை உண்டு. ஆனால் அந்த வீரர்களின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மேல் அட்டையில் "நெதர்லாந்து ராஜ்யம்" என்று இருக்கும்.

அப்படியானால் குரசாவ் ஒரு நாடா, இல்லையா? நாடுதான். ஆனால் சுதந்திர நாடு அல்ல. இது என்ன புதிர் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஆறு தீவுகள்

தென் அமெரிக்காவின் வட கரையில் வெனிசூலா என்ற நாடு இருக்கிறது. அதன் கரைக்கு எதிரே 40 மைல் தொலைவில் குரசாவ். அதற்கு இரு பக்கமும் அரூபா, பொனேர் என்ற தீவுகள். அங்கிருந்து வடகிழக்கே 500 மைலுக்கு அப்பால் சின்ட் மார்ட்டின், சின்ட் யுஸ்டேஷியஸ், சாபா என்று மூன்று பொடித் தீவுகள். சாபா முழுவதும் 5 சதுர மைல்தான். சுமார் 2,000 பேர் வசிக்கிறார்கள். சின்ட் மார்ட்டினில் பாதித் தீவுதான் இவர்களுடையது. மறு பாதி பிரெஞ்சுக்காரருடையது. 1648-ல் செய்த பாகப்பிரிவினை இன்றும் செல்லுகிறது!

இந்த ஆறு தீவுகளுக்கும் ராஜா, சுமார் 5,000 மைலுக்கு அப்பால், ஐரோப்பாவில் இருக்கிறார். நம்மவர் ஹாலந்து என்று சொல்லிப் பழகிய நெதர்லாந்தின் மன்னர் அவர்.

டச்சுக்காரர் நமக்குப் புதியவர் அல்ல. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்து வியாபாரம் செய்தவர்கள். சோழ மண்டலக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிக் கொண்டு போனவர்கள். அதே காலத்தில், 1634-ல், ஸ்பெயின்காரரிடமிருந்து குரசாவைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஜனங்களை அங்கே சந்தையில் நிறுத்தி விற்றார்கள். 1863 ஜூலை 1-ந் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்காக மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் மன்னிப்புக் கேட்டது 2023 ஜூலை 1-ந் தேதி. நடுவில் 160 வருஷம்! இன்று அந்தத் தீவில் வாழ்பவர்களில் மிகப் பலர் அந்த அடிமைகளின் வம்சத்தார். அவர்கள் டச்சு சர்க்காரைச் சந்தேகத்தோடு பார்ப்பது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ராணி கொடுத்த வாக்கு

1940 மே மாதம் ஹிட்லரின் படை ஹாலந்தைப் பிடித்துக்கொண்டது. ராணி வில்லெல்மினா லண்டனுக்குப் போய்விட்டார். தாய்நாடு எதிரி கையில். தீவுகள் மட்டும் சுதந்திரமாக இருந்தன. குரசாவிலும் அரூபாவிலும் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நேச நாடுகளின் விமானங்களுக்கு எண்ணெய் கொடுத்தன. அதற்காக 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அரூபாவைத் தாக்கியது.

அந்த வருஷம் டிசம்பரில் ராணி ரேடியோவில் பேசினார். யுத்தம் முடிந்ததும் ராஜ்யத்தின் பகுதிகள் எல்லாம் கூட்டாளிகளாக இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்தார். அவர் மனத்தில் முக்கியமாக இருந்தது இந்தோனேஷியா. அது காத்திருக்கவில்லை. 1945-ல் தானே சுதந்திரம் அறிவித்தது. 1949-ல் ஹாலந்து அதை ஒப்புக்கொண்டது. கொடுத்த வாக்கு மற்றவர்களுக்குப் பலித்தது. 1954 டிசம்பர் 15-ந் தேதி, வில்லெல்மினாவின் மகள் ராணி ஜூலியானா ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டார். அது ஹாலந்தின் சொந்த அரசியல் சட்டத்துக்கும் மேலானது. ஹாலந்து, சுரினாம், ஆறு தீவுகள் சேர்ந்த டச்சு அண்டிலிஸ் ஆகிய மூன்றும் ஒரே ராஜ்யத்தின் சம அங்கங்கள் என்று அது சொன்னது. எல்லோரும் சம்மதித்தால்தான் அதைத் திருத்தலாம்.

தனிச் சமையல், ஒரே பெட்டிச் சாவி

கூட்டுக் குடும்பத்தில் தம்பிமார் தனிச் சமையல் வைத்துக்கொள்வது உண்டு அல்லவா? அது போலத்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வரி, போலீஸ் எல்லாம் தீவு சர்க்கார் பாடு. ராணுவம், வெளிநாட்டு உறவு, பிரஜா உரிமை இவை ராஜ்யத்தின் பாடு. இன்னொன்றும் உண்டு. தீவில் நேர்மையான ஆட்சியும் ஜனங்களின் அடிப்படை உரிமையும் காப்பாற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதும் ராஜ்யத்தின் பொறுப்பு. தகராறு முளைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ராஜ்யம் என்றால் யார்? ஹேக் நகரில் கூடும் ராஜ்ய மந்திரி சபை. அதில் இருப்பவர்கள் ஹாலந்து மந்திரிகள் அத்தனை பேரும். தீவு நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி மந்திரி. ஒரு தீவின் பிரதிநிதி "இது எங்களுக்கு ஒத்துவராது" என்று சொன்னால், ஐந்து பேர் தனியே உட்கார்ந்து பேச வேண்டும் என்று சாசனம் சொல்லுகிறது. ஹாலந்து பிரதம மந்திரியும் இரண்டு மந்திரிகளும் ஒரு பக்கம். தீவின் ஆட்கள் இருவர் மறு பக்கம். அவர்கள் முடிவுதான் சபையின் முடிவு. மூன்றும் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்தால் எது ஜெயிக்கும் என்று நம் வீட்டுக் குழந்தைகளே சொல்லிவிடும்.

அந்த மந்திரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஹாலந்து பார்லிமெண்டுத் தேர்தலில் தீவுக்காரருக்கு ஓட்டு உண்டா? அங்கேதான் வேடிக்கை. ஹாலந்தை விட்டு நியூயார்க்கில் குடியேறிய டச்சுப் பிரஜைக்கு ஓட்டு உண்டு. குரசாவிலேயே பிறந்து வளர்ந்த டச்சுப் பிரஜைக்குக் கிடையாது. பத்து வருஷம் ஹாலந்தில் வாழ்ந்திருந்தால்தான் உண்டு. ஐரோப்பியப் பார்லிமெண்டுத் தேர்தலிலும் இதே நிலைதான் இருந்தது. அரூபாக்காரர் இருவர் வழக்குப் போட்டார்கள். வெளிநாட்டில் வாழ்பவனுக்கு உண்டு, ராஜ்யத்தில் வாழ்பவனுக்கு இல்லை என்றால் அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்று 2006-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடைத்தது. ஹாலந்து பார்லிமெண்டு விஷயத்தில் பழைய கதையேதான்.

பிரிந்து போகலாமே?

இவ்வளவு குறை இருந்தால் ஏன் பிரிந்து போகக் கூடாது என்று வாசகர்கள் கேட்கலாம். ஹாலந்தே ஒரு சமயம் அதைத்தான் விரும்பியது!

1969 மே 30-ந் தேதி குரசாவின் தலைநகரான வில்லெம்ஸ்டாட்டில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலை நிறுத்தம் கலகமாக மாறியது. கடைகள் எரிந்தன. இருவர் மாண்டனர். தீவு சர்க்கார் கேட்டுக்கொண்டதால் டச்சுக் கடற்படை வீரர்கள் துப்பாக்கியுடன் தெருவில் இறங்கினார்கள். அந்தப் படங்களை உலகம் பார்த்தது. கறுப்புத் தொழிலாளி முன்னால் வெள்ளைச் சிப்பாய்! ஹாலந்து வெட்கப்பட்டது. இனி இந்தத் தொல்லை வேண்டாம், சுதந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது.

சுரினாம் 1975 நவம்பர் 25-ந் தேதி சுதந்திரம் பெற்றது. அந்த நாட்டைவிட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஹாலந்துக்குக் குடிபோனார்கள். 1980-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1982 டிசம்பரில் எதிர்த்துப் பேசிய 15 பேரைச் சுட்டுக் கொன்றது. தீவுக்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் ராணுவம் ஏது, பக்கத்தில் வெனிசூலா இருக்கிறதே என்று யோசித்தார்கள்.

அரூபாவின் கதை வேறு. குரசாவின் கீழ் இருக்க மாட்டோம் என்று பெடிகோ குரூஸ் என்ற தலைவர் பல வருஷம் போராடினார். 1986 ஜனவரி 1 முதல் அரூபா தனி அங்கம் என்று முடிவாயிற்று. அதற்கு முதல் நாள் கார் விபத்தில் சிக்கி அவர் நினைவிழந்தார். பிறகு தேறவே இல்லை. அந்த வருஷம் நவம்பரில் காலமானார். பத்து வருஷத்தில் அரூபா முழுச் சுதந்திரம் பெற வேண்டும் என்பது ஹாலந்து போட்ட நிபந்தனை. அரூபாவே வேண்டாம் என்று சொல்ல, அது கைவிடப்பட்டது. இன்றும் அரூபா வெளியேறச் சாசனத்தில் வழி இருக்கிறது. சட்டசபையில் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேலும் சம்மதிக்க வேண்டும். அந்தக் கதவு பக்கம் யாரும் போகவில்லை.

பழைய வீட்டைக் கேட்ட தீவு

மற்ற ஐந்து தீவுகளும் 2000 முதல் 2005 வரை தனித்தனியே ஜன வாக்கெடுப்பு நடத்தின. குரசாவும் சின்ட் மார்ட்டினும் அரூபா போலத் தனி நாடு என்றன. பொனேரும் சாபாவும் ஹாலந்தோடு நேராகச் சேர்ந்திருப்போம் என்றன. சின்ட் யுஸ்டேஷியஸ் மட்டும், பழைய அண்டிலிஸ் கூட்டிலேயே இருக்கிறோம் என்று பெருவாரியாக ஓட்டுப் போட்டது. 2010 அக்டோபர் 10-ந் தேதி அந்தக் கூடே கலைக்கப்பட்டது. இருக்கிறோம் என்றவர்களுக்கு இருக்க வீடு இல்லை. பொனேர், சாபாவோடு சேர்த்து அவர்களையும் ஹாலந்தின் விசேஷ நகராட்சி ஆக்கிவிட்டார்கள்.

இந்த மூன்று தீவுகளுக்கும் ஹாலந்து பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டு உண்டு. செலாவணி மட்டும் அமெரிக்க டாலர்! ஆனால் ஓட்டு கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2015 டிசம்பரில் பொனேர் ஜனங்களைக் கேட்டபோது பெரும்பாலோர் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்றார்கள். 2018-ல் சின்ட் யுஸ்டேஷியஸ் நிர்வாகம் கடமை தவறியது என்று ஹாலந்து அதன் சபையைக் கலைத்துவிட்டுத் தன் அதிகாரியை அனுப்பியது.

கடனும் கண்டிப்பும்

பணம் வரும் இடத்தில் நிபந்தனையும் வரும். 2010-ல் தீவுகளின் கடனில் பெரும் பகுதியை ஹாலந்து ஏற்றுக்கொண்டது. பதிலுக்குக் கணக்கைக் கண்காணிக்க ஒரு குழு வந்தது. 2014 ஜூலையில் அரூபாவின் வரவு செலவுத் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அங்குள்ள கவர்னருக்கு ராஜ்ய மந்திரி சபை உத்தரவிட்டது. அரூபாவின் பிரதம மந்திரி மைக் எமான் உண்ணாவிரதம் இருந்தார்! 2017 செப்டம்பரில் இர்மா புயல் சின்ட் மார்ட்டினைச் சூறையாடியது. ஹாலந்து 55 கோடி யூரோ ஒதுக்கியது. ஊழலைத் தடுக்க ஒரு சபை அமைத்தால்தான் தருவோம் என்றது. 2020-ல் கொரோனா வந்து சுற்றுலா நின்றபோது கொடுத்த கடனுக்கு, சர்க்கார் ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 12½ வெட்டச் சொன்னது.

இதில் ஹாலந்தை மட்டும் குற்றம் சொல்ல நாம் தயாராக இல்லை. குரசாவ் தனி நாடான பிறகு வந்த முதல் பிரதம மந்திரியே லஞ்ச வழக்கில் ஜெயில் தண்டனை பெற்றார். யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்று தீவுத் தலைவர்கள் சொன்னால் நஷ்டப்படுவது அந்தத் தீவின் ஏழைதான். கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கேட்க ஹாலந்தின் வரி கட்டுகிறவனுக்கும் உரிமை உண்டு.

ஆனால் கணக்குக் கேட்பவரே நீதிபதியாகவும் இருப்பது எந்தக் குடும்பத்தில் செல்லும்? அண்ணன் தம்பி சண்டைக்கு ஊரில் ஒரு பெரியவரைக் கூப்பிடுவார்கள். இந்த ராஜ்யத்தில் அப்படி ஒருவர் இல்லை. 2010-ல் சாசனத்தைத் திருத்தியபோது, தகராறுகளைத் தீர்க்கச் சட்டம் செய்வோம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மசோதாவும் வந்தது. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று தீவுகள் கேட்டன. யோசனை சொல்லட்டும், தக்க காரணம் இருந்தால் ராஜ்ய மந்திரி சபை அதை மீறலாம் என்று ஹாலந்து சொன்னது. மசோதா அதோடு நின்றது.

நம் அபிப்பிராயத்தில் தீவுகள் கேட்டதுதான் நியாயம். ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாட்டுக்கு, மூன்று லட்சம் பேரைக் கண்டு என்ன பயம்? ராணுவம், பிரஜா உரிமை போன்று அவர்களையும் கட்டுப்படுத்தும் சட்டங்களில் அவர்களுக்கும் ஓட்டு வேண்டும். அதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு நால்வர் சம்மதமும் வேண்டும். தம்பிகள் மூவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து.