பத்துக் கண் சிலந்தி

வந்த புதிதில் வீட்டுச் சுவரில் உள்ளங்கையளவு சிலந்தியைக் கண்டு பதறாத குடும்பம் எங்களில் குறைவு. ஹன்ற்ஸ்மன் என்ற அந்தச் சிலந்தியின் பெயரில் இங்கே ஒரு தொலைநோக்கி இருக்கிறது.

சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தார் இதைக் கூனபரபிரான் அருகே சைடிங் ஸ்பிறிங் மலையில் அமைத்துள்ளனர். இதிலே பெரிய ஆடி கிடையாது. கிரிக்கெட் மைதான ஓரத்தில் படமெடுப்போர் வைத்திருக்கும் கனன் 400 மி.மீ. வெள்ளை லென்ஸ்கள் பத்து, ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன.

ஏன் இப்படி? இரவு வேலை முடிந்து வரும்போது, எதிர்க் காரின் வெளிச்சம் எங்கள் காரின் அழுக்குக் கண்ணாடியில் பரவி, தெருவோரம் நிற்பவரை மறைத்துவிடும் அல்லவா? ஆடித் தொலைநோக்கியிலும் அதே சிக்கல்தான். பெரிய ஆடிக்கு முன்னால் நிற்கும் சின்ன ஆடியும் அதைத் தாங்கும் கம்பிகளும் ஒளியைச் சிதறடிக்கும். லென்ஸில் அந்த மறிப்பு இல்லை. உள்ளேயுள்ள புளோரைற் பளிங்கு எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க உதவுகிறது. கண்ணாடியில் உள்ள நுண்ணிய பூச்சு ஒளி தெறிப்பதைக் குறைக்கிறது. பத்துப் படங்களையும் கணினியில் கூட்டினால், ஏறத்தாழ 45 செ.மீ. அகலமான ஒரே லென்ஸுக்குச் சமன்.

யோசனை வட அமெரிக்காவில் பிறந்தது. ரொறன்ரோ, யேல் பல்கலைக்கழகத்தார் இவ்விதம் அமைத்த 'தும்பி', 2015இல் மிக மங்கலான 47 விண்மீன் மண்டலங்களைக் காட்டியது. அங்கிருந்து தெரியாத தென்வானத்தை எங்கள் சிலந்தி பார்க்கிறது.

பெரிய மண்டலங்கள் சிறியவற்றை விழுங்கித்தான் வளர்ந்தன. அந்தத் தடயம் மங்கல் ஒளியாகவே மிஞ்சிக் கிடக்கிறது. அதைக் காணப் பெரிய கண்ணைவிடத் துப்புரவான கண்ணே வேண்டும்.