மாதக்கணக்கைப் பார்த்து நர்சிங் சேராதீர்கள்

நியூஜெர்சியில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு பெண் என்னை ஓரமாக அழைத்து, "அக்கா, டிகிரி இருந்தா 12 மாசத்துல நர்ஸ் ஆகிடலாமாமே?" என்று கேட்கிறாள். மென்பொருள் சோதனை வேலையை விட்டுவிட்டு நர்சிங் படித்து வந்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். ஐ.டி.யில் ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் இந்த விசாரிப்பும் கூடுகிறது. வழி இருக்கிறது, நல்ல வழிதான். ஆனால் எத்தனை மாதம் என்பதையே முதல் கேள்வியாகக் கேட்பவர்கள் பொருத்தமில்லாத கல்லூரியில் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள்.

வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கான இந்தத் துரித பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) படிப்பை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது. இப்போது பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களில் முடிகிறது. பழைய பட்டத்தின் பொதுப் பாடங்களை ஏற்றுக்கொண்டு, நர்சிங் பாடங்களை மட்டும் கோடை விடுமுறைகூட இல்லாமல் நடத்துவதால் வரும் வேகம் அது. அதற்கு முந்தைய காலத்தை விளம்பரம் சொல்வதில்லை. சேரும் முன்பே முடிக்க வேண்டிய பாடங்கள் உண்டு. உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆய்வகத்தோடு இரண்டு செமஸ்டர். பிறகு நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல். பொறியியல் படித்தவர்களிடம் இவற்றில் சில இருக்கும். ஆனாலும் அறிவியல் பாடங்கள் கடந்த 5 அல்லது 7 ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. விண்ணப்பிக்கும் தகுதி வருவதற்கே ஓராண்டு ஓடிவிடும்.

பணத்தையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்கு பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடையாது. எச்-1பி ஊழியரின் கணவன் அல்லது மனைவியாக எச்-4 விசாவில் இருப்பவருக்கு அரசுக் கல்விக்கடனும் இல்லை. அந்த விசாவில் படிக்கலாம்; வேலை அனுமதி அட்டை இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி வேலை விசா கிடைப்பது மிக அரிது. வீட்டுச் சேமிப்பைக் கட்டணமாகக் கட்டும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளான சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் கல்லூரியின் படிப்புக்கு உண்டா என்று பாருங்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது அம்பலமான பிறகும் இதைப் பார்க்காமல் சேர்பவர்கள் இருக்கிறார்கள். உரிமத்துக்கான என்சிலெக்ஸ் தேர்வில் முதல் முறையே தேறியவர்களின் விழுக்காட்டை மாநில நர்சிங் வாரியங்கள் வெளியிடுகின்றன. அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. தடுமாறும் மாணவர்களைக் கடைசி செமஸ்டரில் வெளியேற்றிவிட்டால் மிச்சமிருப்பவர்களின் தேர்ச்சி தானாகவே உயரும். ஆகவே, சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரி வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கிளினிக்கல் பயிற்சி எந்த மருத்துவமனையில், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது. நான் முதன்முதலில் ஒரு பெரியவருக்கு இன்சுலின் போட்டபோது ஆசிரியை என் தோளருகே நின்றார். கைப்பட்டையில் இருந்த பெயரையும் பிறந்த தேதியையும் பெரியவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். சர்க்கரை அளவைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு வந்துவிட்டதா என்று பார்த்தேன். சிரிஞ்சில் எடுத்த யூனிட்டை வெளிச்சத்தில் பிடித்து ஆசிரியையிடம் காட்டினேன். "சாப்பாடு வந்தும் அவர் சாப்பிடாவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். பதில் சொன்ன பிறகுதான் ஊசி போட விட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கும் கல்லூரிதான் நல்ல கல்லூரி. ஒரே ஆசிரியர் பத்துப் பேரை மேய்த்துக்கொண்டு ஓடும் இடத்தில் இதற்கு நேரம் இருக்காது.

குழந்தைகளும் வீட்டுக்கடனும் உள்ளவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டு நர்சிங் படிப்பே மேல் என்று நினைக்கிறேன். அதே என்சிலெக்ஸ், அதே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமம், கட்டணம் பல மடங்கு குறைவு. பி.எஸ்.என். பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் 2017 சட்டம்கூட, உரிமம் பெற்ற 10 ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்கினால் போதும் என்றுதான் சொல்கிறது. துரிதப் படிப்பு, ஓராண்டுக்கு மேல் சம்பளமில்லாமல் சமாளிக்கக் கூடியவர்களுக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் உள்ளவர்களுக்கும் ஏற்றது.

நம் ஆட்களிடம் இன்னொன்றும் உண்டு. "என்ஜினீயரிங் படிச்சிட்டு பெட்பேன் எடுக்கப் போறியா?" என்று என் சொந்தத்திலேயே கேட்டார்கள். ஆமாம், எடுக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரைப் புரட்டிச் சுத்தம் செய்யும்போதுதான் அவர் முதுகில் புண் தொடங்குவது கண்ணில் படுகிறது. அதைப் பார்ப்பதும் நர்ஸின் அறிவுதான். அதில் கேவலம் எதுவும் இல்லை. இந்த வேலை மனதுக்கு ஒத்துவருமா என்பதை ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

அதனால் என்னிடம் கேட்கும் ஒவ்வொரு தங்கைக்கும் தம்பிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி தேடும் முன் சி.என்.ஏ. எனப்படும் நர்ஸ் உதவியாளர் பயிற்சியை முடியுங்கள். கூட்டரசு விதி அதற்குக் கேட்பது குறைந்தது 75 மணி நேரம். பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் சில மாதங்கள் வார இறுதி ஷிப்ட் பாருங்கள். வேலை அனுமதி இல்லாதவர்கள் மருத்துவமனையில் தன்னார்வலராகப் போகலாம். அதற்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் விண்ணப்பியுங்கள்.