ஊர் பார்ப்பதும் நோய் பார்ப்பதும்

தமிழிலே 'பார்த்தல்' என்னும் சொல் பல தொழில்களைச் சுமந்து நிற்கிறது. உழவன் வயல் பார்க்கிறான். பிரயாணி ஊர் பார்க்கிறான். வைத்தியர் நோயாளியைப் பார்க்கிறார். தொண்டு செய்யவும் புதிய தேசங் காணவும் அயல்நாடு செல்லும் மருத்துவ மாணவனுக்கோ இவற்றுள் இரண்டு ஒருங்கே வாய்க்கின்றன. காலையில் வைத்தியசாலை, மாலையில் கோட்டையும் கடற்கரையும்.

மேல்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில், படிப்பு முடியுந் தறுவாயில் மாணவர் தாம் விரும்பிய நாட்டிலே சில வாரங்களைக் கழிக்கும் ஏற்பாடு உண்டு. பிரித்தானியாவில் இது பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் வரை நீளும். இஃதன்றி, கட்டணம் பெற்றுக்கொண்டு இளைஞரைத் 'தொண்டுக்கு' அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் பெருகிவிட்டன. இவ்விளைஞர் விரும்பி வரும் நாடுகளுள் நமது இலங்கையும் ஒன்று. நம்மவர் பிள்ளைகளும் இவ்வாறு பிறநாடு சென்றுவர ஆசை கொள்கின்றனர். இப்பயணத்தால் நன்மை பெறுபவர் யார்? போகும் மாணவனா, அவன் கைபடும் நோயாளியா? இக்கேள்விக்கு விடை காண, உலகறிந்த ஒரு மாணவனின் பயணத்தை முதலில் நோக்குவோம்.

1952-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஆர்ஜென்டீனா நாட்டு மருத்துவ மாணவர் ஒருவர் தம் படிப்பை இடைநிறுத்திவிட்டு, ஆல்பர்டோ கிரனாடோ என்னும் நண்பரோடு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏறித் தென்னமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அவர் பெயர் எர்னெஸ்டோ குவேரா. பின்னாளில் கியூபப் புரட்சியில் ஆயுதம் ஏந்தி, 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்கும் வந்து, ஹொரணையிலே ஒரு மரக்கன்று நட்டுச் சென்ற சே குவேரா இவரே. அவரது அரசியலைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து உண்டு. இங்கே நமக்கு வேண்டியவர் அந்த 23 வயது மாணவர் மட்டுமே.

மோட்டார் சைக்கிள் சிலி நாட்டிலேயே உயிர் விட்டது. அதன்பின் நடந்தும், லொறிகளில் இடம் கேட்டும் பயணம் தொடர்ந்தது. வால்பரைசோ நகரிலே, ஆஸ்துமாவும் இருதய நோயும் வாட்டிய ஓர் ஏழை மூதாட்டியைப் பார்க்க அவரை அழைத்தனர். தாமும் பிள்ளைப் பருவம் முதல் ஆஸ்துமாவால் வருந்தியவராதலின் அவ்வேதனையை அவர் நன்கறிவார். ஆயினும் அவரால் செய்ய முடிந்தது மிகச் சிறிதே. அம்மூதாட்டியின் நோய்க்கு மூலம் வறுமை என்பதையும், அதற்குத் தம் பையில் மருந்தில்லை என்பதையும் அங்கே அவர் உணர்ந்தார்.

பெரு நாட்டில் மச்சு பிச்சு என்னும் பழம்பதியைக் கண்டு வியந்தபின், ஜூன் மாதத்தில் அமேசன் நதிக்கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பை நண்பர் இருவரும் அடைந்தனர். அங்கே தங்கிய ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அவர்கள் எவரையும் குணப்படுத்திவிடவில்லை. கையுறையின்றி நோயாளரோடு கைகுலுக்கினர், அருகமர்ந்து உரையாடினர், பந்து விளையாடினர். தொழுநோய் எளிதில் தொற்றாது என்பதை அறிந்தே அவ்வாறு செய்தனர். ஊரார் ஒதுக்கிய மனிதருக்கு அக்கைகுலுக்கல் எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குவேரா திரும்பிச் சென்று 1953-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

நமது மட்டக்களப்பு வாவியிலும் மாந்தீவு என்றொரு தீவு உண்டு. தொழுநோயாளரை ஊரினின்றும் பிரித்து வைப்பதற்கென அங்கே வைத்தியசாலை அமைத்தனர். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன் பயனாக இன்று தொழுநோயாளர் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைகின்றனர். மருந்து நோயைத் தீர்த்தது. ஊராரின் அச்சத்தைத் தீர்க்க, அருகே சென்று அமரும் மனிதர் இன்னும் தேவைப்படுகின்றனர். இஃது மாணவனாலும் இயலும் தொண்டு.

ஆனால் அருகமர்ந்தால் பேச வேண்டும். பேச மொழி வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இதனை நன்குணர்ந்தவர். தமிழைக் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயிலே 60-க்கு மேற்பட்ட மாணவரை மருத்துவராக்கினார். இடையில் சில ஆண்டு தாயகம் சென்றிருந்தாலும், 1873 வரை இம்மண்ணிலேயே உழைத்தார்.

கிறீனைப் போல எல்லோரும் தங்கிவிட முடியாதுதான். எனினும் ஆறு வாரத்திற்கு வருபவனும் நூறு சொல்லாவது கற்கலாமன்றோ? 'நாரி உளையுது' என்று நம்மூர்க் கிழவி சொன்னால், இடுப்பு வலிக்கிறது என்று பொருள். 'நாரி' என்றால் பெண் என்றே தமிழகத்து மருத்துவர் கருதுவார். தமிழருக்குள்ளேயே இவ்வாறாயின், மொழி முற்றும் அறியாதவன் நிலை என்ன?

இனி, ஊர் பார்த்தலைப் பற்றி ஒரு சொல். அதை வீண் பொழுதுபோக்கென நான் தள்ளவில்லை. மட்டக்களப்புக்கு வரும் மாணவன் கோட்டையைக் காண்கிறான். கல்லடிப் பாலத்தில் நின்று மீன் பாடுமா என்று செவி சாய்க்கிறான். அவன் சற்று வடக்கே சித்தாண்டிக்கும் வரட்டும். சித்திர வேலாயுத சுவாமியைத் தரிசித்தபின் வயற்புறம் சென்று நிற்கட்டும். சேற்றிலே வெறுங்காலோடு வேலை செய்யும் உழவரின் பாதத்தை அங்கே அவன் காண்பான். எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும் விதம் அப்போது விளங்கும். நெற்பயிரிடையே பாம்பு கடித்தவரை வைத்தியசாலை சேர்க்கும் தூரமும் விளங்கும். அந்தப் பாதத்தைக் கண்டவன், மறுநாள் காய்ச்சலோடு வருபவரிடம், "வயலில் இறங்கினீர்களா?" என்று முதலில் கேட்பான். அவ்வாறு கேட்கும் கேள்வியால் ஓர் உயிர் பிழைத்தலும் கூடும். பாடமும் அதுவே, பயணமும் அதுவே.

ஆதலின் அயல்நாடு போக விரும்பும் மாணவர்க்கும், பணம் கொடுத்து அனுப்பும் பெற்றோர்க்கும் நான் சொல்லக்கூடியவை சிலவே. கட்டணம் கேட்கும் நிறுவனத்திடம், அப்பணத்தில் எவ்வளவு அவ்வூர் வைத்தியசாலையைச் சேரும் என்று வினவுங்கள். பிள்ளையின் வேலையை மேற்பார்வை செய்யும் வைத்தியர் யார் என்று கேளுங்கள். 'இங்கே நீ செய்யக் காத்திருக்க வேண்டிய சிகிச்சையை அங்கே முதல் நாளே செய்யலாம்' என்று எவரேனும் ஆசை காட்டினால், அவ்விடத்தை விட்டு விலகுங்கள். சொந்த நாட்டில் தைக்க அனுமதியில்லாத காயத்தை வேறொரு நாட்டு ஏழையின் உடம்பிலே தைத்துப் பழகுதல் தொண்டாகாது. ஏழையின் உடம்பு பயிற்சிக் களமன்று.

நம் ஊர் வைத்தியசாலைகளுக்கு வரும் பிறநாட்டு மாணவரையும் இதே அளவுகோலால் அளப்போம். வந்தவரை உபசரிப்பது நம் வழக்கம்; அதில் குறை வைக்க வேண்டாம். ஆயினும், "தம்பி, நீங்கள் படித்து முடித்த வைத்தியரா, படிக்கும் பிள்ளையா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. மாணவர் என்று அவர் உண்மை சொன்னால், மனம் ஒப்பினால் கையை நீட்டி நாடி பார்க்கக் கொடுக்கலாம். கற்பிப்பவர் அப்போது நோயாளியே. அந்த மதிப்பு அவருக்குரியது.