பல்லிக்குப் பேர் வெச்சாச்சு... காட்டிக் கொடுத்தவர் பேர் எங்கே?

வால்பாறைக்கு ஒரு வீக்கெண்ட் ட்ரிப். 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ரூமுக்குப் போனால், சுவரில் ஒரு பல்லி. போனை எடுத்து ஒரு க்ளிக். 'வெஸ்டர்ன் காட்ஸ்' என்று லொகேஷன் போட்டு ஸ்டோரி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நானும் இப்படிச் செய்தவள்தான்.

இதே மலையில் சுமார் 150 வருஷத்துக்கு முன் ஒருவர் இதை முழுமூச்சாகச் செய்தார். அவர் பெயர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம்.

யார் இந்த பெடோம்?

1830-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 18 வயதில் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு, மெட்ராஸ் மாகாண வனத்துறையைத் தொடங்கிய ஹியூ கிளெக்ஹார்னுக்கு உதவியாளர் ஆனார். அவருக்கு அடுத்து துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, 1882 வரை இருந்தார். தேக்கு வெட்டுவதும் காப்பதும்தான் உத்தியோகம். ஆனால் மனிதருக்குக் கண் முழுக்கப் பெரணி, பாம்பு, தவளை, நத்தை மேலேயே இருந்தது.

தென்னிந்தியப் பெரணிகள், மரங்கள் பற்றி அவர் எழுதிய நூல்களைத் தாவரவியல்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மண்ணுக்குள் வாழும் விஷமில்லாத கேடயவால் பாம்புகளில் பலவற்றை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் அவர்தான். திருப்பதி மலையில் வளரும் 'சைக்கஸ் பெடோமி' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தனையும் நாம் மதிக்க வேண்டிய உழைப்பு, சந்தேகமே இல்லை.

அப்புறம் என்ன பிரச்னை?

லேபிள்தான் பிரச்னை. அவர் லண்டனுக்கு அனுப்பிய பல மாதிரிகளில் இடம் என்று இருப்பது வெறும் 'ஆனைமலை'. எந்தச் சரிவு, எவ்வளவு உயரம், எந்த ஓடைக்கரை? எதுவும் இல்லை. டாப்ஸ்லிப்பும் ஆனைமலைதான், வால்பாறைக்கு மேலே இருக்கும் புல்மலையும் ஆனைமலைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு காடு.

இது ஏன் முக்கியம்? பெடோம் காலத்து ஆனைமலை மாதிரிகளை வைத்து, 1875-ல் குந்தர் என்ற விலங்கியலாளர் லண்டனில் ஒரு பல்லியை விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வகைப் பல்லி எங்கே கிடைத்தாலும், 'அதே பல்லிதான்' என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல் ஆய்வாளர்கள் டி.என்.ஏ. பார்த்தபோது ஆறு புது இனங்கள் தனியாகத் தெரிந்தன. ஒன்றுக்கு, நம்ம கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் பெயர். இன்னொன்றுக்கு 'தொல்பல்லி' என்று தமிழிலேயே பெயர்.

ஒவ்வொரு மலைக்கும் தனி உயிரினம் இருக்கலாம். அதனால்தான் இடம் தெரியாத மாதிரி, கதவு நம்பர் இல்லாத முகவரி மாதிரி.

லேபிளில் இல்லாத ஆள்

இன்னொரு விஷயமும் விடுபட்டிருக்கிறது, என்னை உறுத்துவது அதுதான். அன்றைக்கு ஆனைமலைக்கு வந்த ஆங்கிலேயர்களுக்கு வழிகாட்டியவர்கள் காடர் பழங்குடியினர். எந்தக் கல்லைப் புரட்டினால் எது ஊர்ந்து வரும் என்று தெரிந்தவர்கள். 'இது எங்கே கிடைத்தது' என்ற கேள்விக்குச் சரியான பதில் அவர்களிடம்தான் இருந்திருக்கும். ஆனால் லேபிளில் அவர்களுக்கு ஒரு கட்டமே கிடையாது.

'அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான்' என்று சொல்லலாம். பாதிதான் உண்மை. அதே காலத்தில் மலாய் தீவுகளில் எட்டு வருஷம் சுற்றி, 1,25,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1858-ல் பச்சான் தீவில் ஒரு புதிய சொர்க்கப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தது தன் உதவியாளர் அலிதான் என்று புத்தகத்திலேயே எழுதிவைத்தார். பறவைக்கு வந்தது என்னவோ வாலஸ் பெயர்தான். ஆனாலும், அலி என்று ஒருவர் இருந்தார் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. மனசு இருந்தால் அப்போதும் எழுத முடிந்திருக்கிறது.

இப்போ நாம என்ன செய்யலாம்?

இன்றும் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் காவலர்களாக, வழிகாட்டிகளாக முன்னே நடப்பவர்களில் காடர்களும் மலசர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி போட்டால் போதாது. அவர்கள் சம்மதித்தால், யார் காட்டினார் என்ற விவரம் மாதிரியோடும் தரவோடும் சேர்ந்தே இருக்க வேண்டும். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் எழுதப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் அந்தப் பெயர்கள் வரட்டும்.

கோவைவாசிகளுக்கு இன்னொன்று. பெடோம் காலத்துத் தாவர மாதிரிகளைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' அந்தக் காலத்துச் சேகரிப்புகளைப் பாதுகாக்கிறது. வாரத்தில் எத்தனை முறை அந்தப் பக்கம் போகிறோம்!

அடுத்த முறை காட்டில் எதையாவது க்ளிக் செய்தால் தேதி, இடம், உயரம், காட்டியவர் பெயர் நான்கையும் குறித்து வையுங்கள். அரிய உயிரினம் என்றால் சரியான இடத்தை ஸ்டோரியில் போடாதீர்கள், கடத்தல்காரர்களும் பார்ப்பார்கள். ஆய்வாளர்களிடம் மட்டும் கொடுங்கள்.

பெடோமிடம் ஜி.பி.எஸ். இல்லை. நம்மிடம் இருக்கிறது. அடுத்த 150 வருஷம் கழித்து ஒருவர் நம் லேபிளைப் பார்த்து, 'ஏம்ப்பா, இதைக்கூட எழுதலையா?' என்று கேட்கும்படி வைத்துவிடக் கூடாது.