ஆளில்லாக் காடு எண்டு ஆர் சொன்னது?

"அஞ்சு பேர், மூண்டு மோட்டார் சைக்கிள், ரெண்டு நாள், ஆளுக்கு நாலாயிரம் ரூபாய். ஒருத்தரும் போகாத வன்னிக் காட்டுக்குள்ள ஒரு ட்ரிப்!"

இது என்னுடைய வீடியோவுக்கு நானே எழுதிய வரி. கனபேர் பார்த்தார்கள், கனபேர் பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் அதை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் முதல் பேச்சு வாங்கப்போகிறவன் நான்தான். ஆனபடியால் மற்ற 'ட்ரிப்' பெடியளும் கோவிக்காமல் வாசிக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு, ஆனையிறவு தாண்டி, பரந்தனில் கிழக்கே திரும்பி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. பின்னேரம் ஒட்டுசுட்டான் பக்கம் வந்து முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட டென்ட் அடித்தோம். பாண், ரின்மீன், தண்ணிப் போத்தல் எல்லாம் யாழ்ப்பாணத்துக் கடையிலேயே வாங்கிக் கட்டியாச்சு. ராத்திரி தூரத்தில் நாலைந்து வெடிச்சத்தம் கேட்டது. எங்கேயோ கோயில் திருவிழாவாக்கும் என்று சிரித்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் ஒரு ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பியவை, ராத்திரி இதிலயோ படுத்தனியள்? இது யானை தண்ணிக்கு இறங்கிற பாதையெல்லோ. உங்கட லைற்றைக் கண்டுபோட்டு நானும் மருமோனும் விடியுமட்டும் முழிச்சிருந்து வெடி போட்டனாங்கள். வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா எங்கட விறாந்தையில படுக்க விட்டிருப்பமே."

திருவிழா இல்லை. யானை வெடி. முன்பின் தெரியாத அஞ்சு பேருக்காக, அடுத்த நாள் வயலுக்குப் போகவேண்டிய இரண்டு பேர் நித்திரை முழித்திருக்கிறார்கள். எங்களைப் பேசவும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தேத்தண்ணி தந்தார்கள்.

அப்ப சொல்லுங்கோ, நாலாயிரம் ரூபாயில் முடிந்த ட்ரிப்பின் மிச்சக் காசை ஆர் கட்டினது?

'பட்ஜெட் ட்ரிப்' என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதில் பாதி, அடுத்தவன் தலையில் கட்டிய செலவு. படுக்க வாடகை இல்லை, ஏனென்றால் கேட்காமல் படுத்தோம். காவல் செலவு இல்லை, ஏனென்றால் ஐயா முழித்திருந்தார். குப்பைக்குச் செலவு இல்லை, ஏனென்றால் அதைக் குளக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். இரண்டு நாளில் வன்னியில் நாங்கள் செலவழித்த காசு, பெற்றோலை விட்டால், பத்துப் பிளேன்ரீக்குக் கூட வராது. இது சிக்கனமா? எங்கட ஊர்ப் பாசையில் இதுக்கு ஓசி என்று பேர்.

இனி அந்த 'ஒருத்தரும் போகாத' என்ற சொல்லுக்கு வருவோம். ஓசியை விட இது மோசமானது.

நாங்கள் படம் பிடித்த 'இயற்கை' என்ன? குளம். குளத்தை மனிசர் கட்டினது. கட்டு, துருசு, வாய்க்கால், கீழே வயல், நடுவில் கோயில். வன்னி முழுக்க இப்படித்தான்: சனம் வெட்டி, கட்டி, விதைத்த நிலம். 1977 இலும் 1983 இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கையால் காடு வெட்டிக் குடியேறின. தேயிலைக்கொழுந்து கிள்ளிய கையில் கத்தியும் மண்வெட்டியும் எடுத்த ஆட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழுகிற ஊரை நான் 'ஒருத்தரும் போகாத இடம்' என்று எழுதினேன். யானை இருந்தால் ஆள் இல்லை என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. இந்த நாட்டில் யானை நடமாடும் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே மனிசரும் குடியிருக்கிறார்கள். காடும் ஊரும் அங்கே வேறு வேறு இல்லை. அதுதான் அந்தச் சனத்தின் தினசரிக் கரைச்சலே.

வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "வடிவாத்தான் இருக்கு. ஆனா ஒரு சனத்தையும் காணேல்லையே, ராசா?"

அம்மா கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கு. 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணம் முழுக்க இரவோடிரவாக நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மாவுக்குப் பதினாலு வயசு. தென்மராட்சி, பிறகு கிளாலிக் கடல், பிறகு வன்னி. அக்கராயன் பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் மாதக்கணக்காக இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் தங்கட நெல்லைத்தான் பகிர்ந்து தந்தவர்கள். எத்தனை யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தக் கதை இருக்கு! அதே வீடுகளில்தான் 'வன்னியான்' என்ற சொல்லும் நக்கலாகப் புழங்கியது. பசித்தபோது போய்ப் படுத்த திண்ணையை, பசி தீர்ந்தபிறகு காடு என்கிறோம்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. தேத்தண்ணி குடிக்கும்போது ஐயா சொன்னார்: முகாமிலிருந்து 2010 இல் திரும்பி வந்தபோது தகப்பன் விதைத்த காணிக்குள் மரம் ஆளுயரத்துக்கு நின்றதாம். வெட்டப் போனால் எல்லைக்கல் நட்டிருக்கு. 'இது காடு' என்றார்களாம். சனம் துரத்தப்பட்டதால் வளர்ந்த மரத்தைக் காட்டி, சனமே இருந்ததில்லை என்கிற கதை. வன்னியில் இது ஒரு ஐயாவின் கதை மட்டும் இல்லை. இப்ப என்னுடைய வரியைத் திரும்ப வாசியுங்கோ. கல்லு நட்டவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் அதிகாரத்தோடு சொன்னதை நான் பாட்டுப் போட்டுச் சொன்னேன்.

வட்டுவாகல் பாலத்தில் நாங்கள் கையை விரித்து நின்று எடுத்த படமும் அந்த வீடியோவில் இருந்தது. 2009 மே மாதம் சனம் செத்தவர்களை விட்டுவிட்டுக் கடந்த பாலம் அது. சிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் சிரித்ததைத்தான் சொல்கிறேன்.

"எல்லாத்துக்கும் அரசியல் கதைக்காதை மச்சான், நாங்கள் சும்மா சுத்தப் போறம்" என்று கூட்டாளி ஒருத்தன் சொன்னான். சும்மா சுத்துவதுதான் எனக்கும் விருப்பம். ஆனால் அந்த மண்ணில் சும்மா கால் வைக்க முடிவதே யாரோ உழைத்ததால். போர் முடிந்து பத்து வருசத்துக்குப் பிறகும் முகமாலையில் ஆட்கள் குந்தியிருந்து அடி அடியாகக் கண்ணிவெடி கிளறினார்கள். அதில் கனபேர் பெண்கள். 'ஓஃப் ரோட்' என்று மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி வண்டியை விடுகிறவன் வீரன் இல்லை, விசரன்.

"எங்களிட்டக் காசில்லை, ஹோட்டலிலயோ தங்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயம். நானும் ஹோட்டலில் தங்கச் சொல்லவில்லை. அதே நாலாயிரத்தையே அங்கே செலவழியுங்கோ என்கிறேன். பாணை யாழ்ப்பாணத்தில் கட்டாதேங்கோ. ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் சாப்பாட்டுக்கடை இருக்கு. மீனை வாடியில் வாங்குங்கோ, பேரம் பேசாமல். பாலைப்பழக் காலத்தில் ரோட்டோரம் விற்கிற பிள்ளையிடம் வாங்கித் தின்னுங்கோ. இருட்ட முதல் ஊருக்குள் போய், எங்கே படுக்கலாம் என்று கேளுங்கோ. கேட்கிறதுக்குக் காசில்லை. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. ட்ரோன் ஏத்த முதல் யோசியுங்கோ: தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடிய சனம் அது.

போகவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கனக்கப் போகவேணும். A9 பூட்டியிருந்த காலத்தில் போக ஏங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் போனால், ஆட்களிடம் போவோம்.

பாலைப்பழக் காலத்தில் திரும்பவும் போகிறோம். அதே அஞ்சு பேர். இந்த முறை டென்ட் இல்லை. ஐயாவுக்குப் போன் எடுத்து விறாந்தையைக் கேட்டாச்சு. "வாங்கோ தம்பி, ஆனா வெடிக்காசு நீங்கள்தான் குடுக்கவேணும்" என்று சிரித்தார். அம்மாவும் வரப்போறாவாம், பஸ்சில்.