அண்டை வீட்டை விற்றவர்கள்

ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்தவர்களைப் போய்க் கேட்டுப் பாருங்கள். "நான்தான் கெடுத்தேன்" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "காலம் கெடுத்தது" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால் "சந்தை கெடுத்தது" என்பார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் 2023-ஆம் வருஷம் இந்த இரண்டாவது பதிலைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டன. அவற்றைத் தப்பவிடக் கூடாது என்பது என் கட்சி.

"அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தைப் பற்றி உமக்கென்ன ஐயா கவலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்டான்போர்டு, பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சல்ஸ் என்பவை இன்று நம் வீட்டுக் கூடங்களில் அடிபடுகிற பெயர்கள். பிள்ளையை அங்கே அனுப்புவதற்காக நிலத்தை அடகு வைக்கத் தயாராயிருக்கும் தகப்பனார்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சரஸ்வதி பீடங்கள் பணத்தைக் கண்டதும் எப்படி நடந்துகொண்டன என்று நாமும் தெரிந்துகொள்ளலாம்.

அந்த நாட்டில் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ஒன்றுகூடி, தங்களுக்குள் வருஷந்தோறும் பந்தயம் ஆட ஓர் ஏற்பாடு செய்துகொள்ளும். அதற்குக் 'கான்பரன்ஸ்' என்று பெயர். நாம் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். 1915 டிசம்பரில் போர்ட்லாந்து நகரில் நான்கு கல்லூரிகள் இப்படி ஒரு சங்கம் கண்டன. பிற்காலத்தில் 'பாக்-12' என்று பெயரெடுத்தது இந்த வமிசம்தான்.

இந்த வமிசம் முன்பே ஒரு தடவை உடைந்ததுண்டு. ஆட்டக்காரப் பையன்களுக்குத் திரைமறைவில் பணம் கொடுத்த விவகாரம் 1956-இல் அம்பலமாயிற்று. சண்டை முற்றி, 1959-இல் சங்கம் கலைந்தது. சிலர் மட்டும் புதிதாகக் கூடியபோது வாஷிங்டன் ஸ்டேட், ஆரிகன் ஸ்டேட் முதலியவை வெளியே நிறுத்தப்பட்டன. ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்? 1962-இல் ஒன்றையும் 1964-இல் மற்றொன்றையும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பிணக்குக்கு ஒரு மருந்து இருந்தது. காரணம், ஆரிகனுக்கும் ஆரிகன் ஸ்டேட்டுக்கும் இடையே இருப்பது ஒரு மணி நேரப் பாதை. 1894-இலிருந்து ஒருவரோடொருவர் மோதியவர்கள் அவர்கள்.

பிறகு டெலிவிஷன் வந்தது. அமெரிக்கக் 'கால்பந்து' என்பது பெயருக்குத்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதைப் பார்க்க அந்த நாடே சனிக்கிழமைகளில் பெட்டிக்கு முன்னால் உட்காரும். எந்தக் கல்லூரி எத்தனை தடவை திரையில் தோன்றலாம் என்று தேசிய சங்கம் கட்டுப்பாடு வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா இரண்டும் வழக்காடின. 1984-இல் சுப்ரீம் கோர்ட்டு ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய பைரன் ஒயிட், தாமே வாலிபத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி ஆட்டத்தை வெறும் வியாபாரமாகப் பார்க்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஏகபோகம் ஒழிந்தது நல்லதுதான். பெரும்பான்மை நீதிபதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விடுதலை பெற்றவன் முதல் வேலையாக அண்டை வீட்டை விற்கட்டும் என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கவில்லை.

விற்பனை நடந்த விதத்தைப் பாருங்கள். 2022 ஜூன் 30-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளையும் தெற்குக் கலிபோர்னியாவும், 'பிக் டென்' என்ற சங்கத்துக்குப் போவதாக அறிவித்தன. இரண்டு மாதத்துக்குள் அந்தச் சங்கம் பாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. பாக்-12 தன் ஆட்டங்களுக்கு ஆள் தேடி அலைந்தது. கடைசியில் ஆப்பிள் கம்பெனி வந்து, சந்தாதாரர் சேரச் சேரப் பணம் தருகிறோம் என்றது. 2023 ஜூலையில் அந்த ஒயிட்டின் கொலராடோவே வெளியேறியது. ஆகஸ்டு 4-ஆம் தேதி, ஒரே நாளில், ஐந்து பல்கலைக்கழகங்கள் மூட்டை கட்டின. செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்டான்போர்டும் பெர்க்கிலியும் கிளம்பின. மிஞ்சியவை வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆரிகன் ஸ்டேட்டும். 1959-இல் வாசலில் நின்ற அதே இருவர்!

பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு இப்போது 'அட்லாண்டிக் கடற்கரை'ச் சங்கத்தில் அங்கத்தினர். பத்து என்று பெயர் வைத்துக்கொண்ட சங்கத்தில் பதினெட்டுப் பேர். பூகோளமும் கணக்கும் கற்றுக் கொடுக்கிற இடங்கள் இவை!

"கால்பந்துப் பணம்தானே மற்ற ஆட்டங்களுக்குச் சோறு போடுகிறது?" என்பது அவர்கள் கேள்வி. உண்மை. ஆனால் அந்தச் சோற்றுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கால்பந்துப் பையன்கள் வாரத்துக்கு ஓர் ஆட்டம், பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறவர்கள். வாலிபால் ஆடும் பெண்களுக்கு ஏறக்குறைய முப்பது ஆட்டங்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஜெர்ஸிக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; சென்னைக்கும் டில்லிக்கும் உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கடிகாரம் மூன்று மணி முந்தி ஓடும். அந்தப் பெண் ஊர் திரும்பி, மறுநாள் ரசாயனப் பரீட்சை எழுத வேண்டும். அவள் ஆட்டத்துக்காகவா 700 கோடி?

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள். 2025 ஜூனில் கோர்ட்டு அங்கீகரித்த ஓர் உடன்படிக்கைப்படி, பல்கலைக்கழகங்கள் மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் வருஷத்தில் ஒவ்வொன்றும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. உழைத்தவனுக்குக் கூலி கிடைத்தது நியாயம். வெகு காலம் தாமதித்துக் கிடைத்த நியாயம். ஆனால் கூலி கொடுத்ததால் வீட்டை விற்றது சரியாகிவிடுமா?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் அவனுக்குச் சந்தேகம் வரும். 'சங்கம் சிதைந்தது' என்கிறார்களே, சிதைத்தது யார்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு 2022 டிசம்பரில் கூடி, லாஸ் ஏஞ்சல்ஸ் கிளை போகலாம் என்று ஓட்டுப் போட்டது. அதோடு நிபந்தனைகளும் விதித்தது: மாணவர்களின் சாப்பாட்டுக்கும் படிப்பு உதவிக்கும் அதிகமாகச் செலவழிக்க வேண்டும், நஷ்டப்படப்போகிற சகோதரக் கிளையான பெர்க்கிலிக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈட்டை 2024-இல் வருஷத்துக்கு 1 கோடி டாலர் என்று நிர்ணயித்தார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? பிள்ளைகளுக்குச் சிரமம் வரும், அண்டை வீடு நொடித்துப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சந்தை கையெழுத்துப் போடுவதில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, சம்பளம் உண்டு.

வேறு வழி இல்லை என்பதும் பொய். பிக் டென் சங்கத்தில் ஆண்கள் வாலிபால் போட்டி கிடையாது. ஆகவே லாஸ் ஏஞ்சல்ஸ் பையன்கள், மற்ற ஆட்டங்கள் 2024-இல் மாறிய பிறகும், மேற்குப் பிரதேசத்துச் சங்கம் ஒன்றிலேயே வாலிபால் ஆடினார்கள். அதே கல்லூரியில் அதே ஆட்டத்தை ஆடும் பெண்கள்தான் கண்டம் தாண்டிப் பறக்கிறார்கள். பையன்களால் முடிந்தது பெண்களுக்கு ஏன் முடியாது? கால்பந்தை வேண்டுமானால் டெலிவிஷன்காரனுக்கு விற்கட்டும். அவன் கேட்டதும் அதைத்தான். மற்ற ஆட்டங்களை அக்கம்பக்கத்தாரோடு ஆடவிடட்டும்.

தனித்து நின்ற இருவரும் கோர்ட்டுக்குப் போய்ச் சங்கத்தின் நிர்வாகத்தைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள். 2026-லிருந்து புதிய அங்கத்தினரோடு அதை நடத்த ஏற்பாடும் செய்தார்கள். வீட்டை விட்டுப் போகாதவனுக்குத்தான் விளக்கேற்றத் தோன்றும்.

பிக் டென்னின் அந்த ஏழு வருஷ ஒப்பந்தம் 2030-இல் முடிகிறது. மறுபடியும் பேரம் நடக்கும். மறுபடியும் 'சந்தை' என்பார்கள். அப்போது அந்தப் பல்கலைக்கழகங்களின் பெற்றோர்களும் பழைய மாணவர்களும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "சந்தை இருக்கட்டும், ஓட்டுப் போட்ட நீங்கள் யார்?"