வழியையே வீடாகக் கொண்ட இருவர்

சென்னைப் பாடியில், வாகனங்கள் ஓயாது விரையும் பெருஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கி அமைந்திருக்கிறது திருவலிதாயம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் இதுவும் ஒன்று. பரத்வாஜ முனிவர் வலியன் என்னும் கருங்குருவி வடிவில் ஈசனைப் பூசித்தமையால் இப்பெயர் அமைந்தது என்பது தலவரலாறு. குரு பகவான் வழிபட்டுப் பேறு பெற்ற தலம் ஆதலின், வியாழக்கிழமைகளில் அடியார் கூட்டம் மிகுதி.

தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதியில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் வாழ்கின்றனர். பிள்ளைகள் தனித்தனியே குடித்தனம் நடத்தத் தொடங்கிய பின், “வீட்டைப் பூட்டிவிட்டுத் தலந்தோறும் சென்று தங்கினால் என்ன?” என்ற ஆவல் சிலருக்கு எழுகிறது. வேன் ஒன்றில் படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வழியிலேயே வாழ்வதும் இந்நாளில் இயலும். புறப்பட எண்ணுவோர் முதலில் கேட்பது, “எவற்றையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?” என்பதே. 7-ஆம் நூற்றாண்டில் வழியையே வீடாகக் கொண்டு வாழ்ந்த தம்பதியர் இருவரின் வாழ்வு இதற்கு விடை தருகிறது.

அவர்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் துணைவியார் மதங்கசூளாமணியாரும். விருத்தாசலத்தை அடுத்த இராஜேந்திரப்பட்டினம் எனப்படும் திருஎருக்கத்தம்புலியூர் அவர்களது ஊர். ஞானசம்பந்தப் பெருமானின் பெருமையைக் கேட்டுச் சீகாழிக்கு வந்தனர். அவர் பாடும் பதிகங்களை யாழில் இசைத்து என்றும் உடனிருக்க வேண்டும் என்று வரம் வேண்டினர். அன்று முதல் அவர்களுக்குச் சொந்த ஊர் என்பது அடுத்த தலமே. காளத்தியை வணங்கிய சம்பந்தர் திருவேற்காட்டைத் தொழுது வலிதாயத்திற்கு எழுந்தருளியபோது, அந்த அடியார் கூட்டத்தின் யாழோசை இப்பாடியிலும் ஒலித்திருக்கும்.

அவர்களது பயணம் எளிதாக அமைந்துவிடவில்லை. பாணர் குலத்தவர் அந்நாளில் கோயிலுக்குள் புக இயலாதவர். சம்பந்தரை அடைவதற்கு முன்பே, மதுரையில் ஈசன் தொண்டர்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்து வரச் செய்தான். தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு கெடும் என்று கூறி, அவருக்குப் பொற்பலகை இடவும் ஆணையிட்டான். ஒரு கருவியின் நலத்திற்கே இறைவன் இத்துணைக் கவலை கொண்டான் எனில், முதுமையில் பயணம் புறப்படுவோர் தம் உடலாகிய கருவியைப் பேணாதிருத்தல் தகுமா? அன்றாட மருந்துகளும், மாற்று மூக்குக்கண்ணாடியும், இரவில் வண்டியை நிறுத்துதற்குப் பாதுகாப்பான இடமும் முன்னரே அமைய வேண்டும்.

திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கரின் இல்லத்தில் சம்பந்தர் தங்கினார். பாணர் தம்பதியர்க்கும் ஓரிடம் தருமாறு கேட்டார். அந்தணராகிய நீலநக்கர் தயங்காது வேள்விக் குண்டத்தின் அருகிலேயே இடம் அளித்தார். வேள்வித் தீயும் வலமாகச் சுழன்று ஓங்கியது என்கிறது பெரியபுராணம். வழியில் வாழ்வோர் பிறர் தரும் இடத்தை ஏற்கப் பழக வேண்டும். வீட்டிலிருப்போர் இடம் தரப் பழக வேண்டும்.

தருமபுரத்தில் நேர்ந்த சோதனையே பெரிது. அங்குச் சம்பந்தர் அருளிய பதிகம் யாழின் நரம்புகளுக்குள் அடங்கவில்லை. நாணமும் துயரமும் மேலிட்ட பாணர், யாழையே உடைத்தெறிய ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதை வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் முழுதும் ஒரு கருவிக்குள் அடங்காது, இயன்றவரை இசைப்பீராக என்று தேற்றி மீண்டும் அவரிடமே அளித்தார். முழங்கால் வலித்து மலையேற இயலாத நாளும், நடை சாத்திய பின் சென்று சேரும் நாளும் பயணத்தில் வரும். “ஏன் புறப்பட்டோம்?” என்று ஒருவர் சலிக்கும் அந்நேரத்தில், “இயன்றவரை போதும்” என்று மற்றவர் சொல்லத் தெரிந்திருப்பதே பெரும் ஆயத்தம்.

ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் முதலில் அண்மையிலுள்ள திருவேற்காடு, திருப்பாசூர், திருவொற்றியூர் ஆகிய தலங்களுக்கு மூன்று நாள் சென்று பார்க்கலாம். எதை ஏற்றினோம், எது பயன்படவே இல்லை என்பது அதிலேயே விளங்கிவிடும். இருவரில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையெனில் காத்திருப்பதும் வழிபாடே.

பாணர் தம்பதியரின் பயணம், இன்று ஆச்சாள்புரம் எனப்படும் நல்லூர்ப் பெருமணத்தில் நிறைவெய்தியது. சம்பந்தரின் திருமணத்தில் தோன்றிய சோதியுள் அவர்களும் கலந்தனர். வைகாசி மூலம் அவர்தம் குருபூசை நாள். தம் வீட்டைத் துறந்தவர்க்கு ஈசன் தன் வீட்டையே திறந்து வைத்தான். அந்தப் பேற்றை நினைந்து வலிதாயநாதரையும் ஜகதாம்பிகையையும் வணங்குவோம். புறப்படுவோர்க்கும், இல்லத்தில் இருந்தவாறே நினைவால் தலங்களை வலம் வருவோர்க்கும் அவன் துணை உண்டு.